மாளா லைட்டுக்கு எந்த சுவிட்ச், எங்கே வைப்பது?

11.6.2023, கேள்வி

மும்பை செம்பூரில் ஒற்றை அறை, சமையலறை வீடு. சமையலறைக்கு மேலே மாளா (சாமான் வைக்கிற பரண்) இருக்கிறது, நாலரை அடி உயரம், நிமிர முடியாது. இத்தனை நாள் மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் ஏறி இறங்குகிறோம். ஒரு பல்பு போடலாம் என்றால் கடைக்காரர் பெட் சுவிட்ச் ஒன்றைத் தொங்கவிடு, போதும் என்கிறார். வெளிநாட்டு வீடியோக்களில் கயிற்றை இழுத்தால் எரிகிற சுவிட்ச் காட்டுகிறார்கள், அது இங்கே கிடைக்குமா? ஃபேன் போர்டிலிருந்தே ஒயர் எடுக்கலாமா? அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

11.6.2023, இரவு, பதில்

சுவிட்சை ஏணி சாய்கிற இடத்தில், கீழே, கைக்கு எட்டும் உயரத்தில் வை தம்பி. மற்றதெல்லாம் அப்புறம். இருட்டுக்குள் தலையை நுழைத்து ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சுவிட்சைத் துழாவுகிற வேலையே இருக்கக் கூடாது. பெட் சுவிட்ச் கட்டில் விளக்குக்கு ஆனது. ஒயரிலேயே தொங்கும், சூட்கேஸை இழுக்கும்போது அதில் மாட்டும், உள்ளே திருகு கழன்றுவிடும். கயிற்று சுவிட்சை இங்கிலாந்துப் பக்கம் குளியலறைக்குப் போடுவார்கள், ஈரக் கை சுவிட்சைத் தொடாமல் இருக்கத்தான் கயிறு. லோஹார் சாலில் (மும்பை மின்சாமான் கடைத்தெரு) நாலு கடை ஏறினால் யாராவது தூசி தட்டி எடுத்துத் தரலாம், ஆனால் கெட்டுப்போனால் அதே அளவில் இன்னொன்றுக்கு மறுபடி நாலு கடை. சாதாரண 6 ஆம்பியர் சுவிட்ச் போதும்.

ஃபேன் போர்டிலிருந்து எடுக்கலாம். 9 வாட் எல்இடி இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. போர்டில் இடம் இருந்தால் அங்கேயே, இல்லையென்றால் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி.

இன்னொன்று. மாளா லைட்டை அணைக்க மறந்துவிடுவோம். கதவைச் சாத்தினால் வெளிச்சம் வெளியே தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்குப் பாத்திரம் எடுக்க ஏறினவர் (யார் என்று சொல்ல மாட்டேன், இதையெல்லாம் படிக்கிறவர்தான்) போட்டது போட்டபடி இறங்கிவிட்டார். அப்போது 60 வாட் குண்டு பல்பு. பத்து நாள் கழித்து எதற்கோ நான் ஏறினபோது ஒரே கருகல் வாசனை. சுருட்டி வைத்திருந்த பஞ்சு மெத்தை பல்பில் சாய்ந்திருந்த இடத்தில் உறை தோசை அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது. பத்து நாளில் 14 யூனிட் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாக வாங்கு. சிவப்பு எரிந்தால் மேலே எரிகிறது என்று அர்த்தம்.

12.6.2023, காலை

நேற்று எழுதின கடைசி வரி பாதிதான் சரி. படுத்த பிறகு தோன்றியது.

இண்டிகேட்டரை இரண்டு விதமாக இணைக்கலாம். அந்தச் சின்ன நியான் விளக்கைச் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே போட்டால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதுதான் சிவப்பு எரியும். இருட்டில் சுவிட்ச் எங்கே என்று காட்ட அது. மாளாவுக்கு அது நேர்மாறான சேதி. அதோடு, அணைந்திருக்கும்போது நியான் வழியாக ஒரு துளி கரண்ட் பல்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி பல்புக்குள் இருக்கிற கெபாசிட்டர் அந்தத் துளியைச் சேர்த்துவைத்துச் சில விநாடிக்கு ஒரு முறை மினுக்கும், அல்லது மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். பல்பு கெட்டுவிட்டது என்று மூன்று பல்பு மாற்றினவர்களை எனக்குத் தெரியும். (ஒருவர்தான். நான்தான்.)

நமக்கு வேண்டியது இன்னொரு விதம். நியானின் ஒரு முனை சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகிற ஒயரில், மறு முனை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்). பல்பு எரிந்தால்தான் சிவப்பும் எரியும். இதற்குச் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இருக்க வேண்டும். நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடும், அந்தக் கவலை இல்லை. கடையில் கேட்கும்போது “ஆன் பண்ணினால் எரியணும்” என்று தெளிவாகச் சொல். வெறுமனே இண்டிகேட்டர் சுவிட்ச் என்றால் கைக்கு வந்ததைத் தருவார்கள். தனியாக ஒரு இண்டிகேட்டர் வாங்கிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டுவது இன்னும் சுலபம்.

13.6.2023

ஒயர் பற்றிக் கேட்டிருந்தாய். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு, தீ பரவாத வகை. ஃபேஸ் (கரண்ட் வருகிற ஒயர்) சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. ஃபேஸ்தான் சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். நியூட்ரலைச் சுவிட்சில் வெட்டினாலும் பல்பு அணையும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் ஹோல்டரில் ஃபேஸ் உயிரோடு உட்கார்ந்திருக்கும். நாலரை அடி மாளாவில் குனிந்து போகிறவன் தலை எங்கே இடிக்கும்? பல்பில்தான். பல்பு உடைந்தால்? அவ்வளவுதான் சொல்வேன்.

முறுக்கு ஒயரை ஆணியில் சுற்றி மேலே கொண்டுபோகாதே. எலி பிவிசியைக் கடிக்கும். அதற்குப் பசி இல்லை, பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தாக வேண்டும். கேசிங் பட்டி போடு, அல்லது பிவிசி பைப். மாளாவுக்குள் போகிற பகுதிக்குப் பைப்தான் நல்லது, பட்டியின் மூடி பெட்டிகள் உரசினால் கழன்று வந்துவிடும். ஹோல்டரைக் கூரையின் நடுவில் வைக்காமல் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆங்கிள் ஹோல்டராக வை. தலையும் தப்பும், பல்பு மாற்ற உள்ளே தவழவும் வேண்டாம்.

வேலை செய்யும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினை இறக்கு. போர்டைத் திறந்து ஒயர் எடுக்கிற பகுதியை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் விட்டுவிடு, துளை போடுவது பட்டி அடிப்பது மட்டும் நீ செய். கூலி அவ்வளவு குறையாது, ஆனால் அவர் கண் முன்னால் உன் வேலை இருக்கும், ஏதாவது தப்பாக இருந்தால் திட்டுவார்.

13.6.2023, மாலை

1.5 தான் போட வேண்டும், 1 மில்லிமீட்டர் போதாது என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். 9 வாட் பல்புக்கு, ஆறு மீட்டர் தூரத்துக்கு, 1 என்பதே அதிகம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். விளக்குக்கு என்று போட்ட ஒயரில் என்றாவது ஒருவர் ஒரு பிளக் பாயிண்ட் சேர்ப்பார், அதில் இன்னொருவர் இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவார். வீடு என்றால் அப்படித்தான். அதற்குத் தடுப்பு ஒயரின் தடிமன் மட்டும் இல்லை, அந்த சர்க்யூட்டில் கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற எம்.சி.பி.யும்தான். அது 6 ஆம்பியராக இருந்தால் ஒயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் நெடுநேரம் ஓடாது. 1.5 போடுகிறவர்கள் போடுங்கள், நஷ்டம் இல்லை.

18.6.2023

சுவிட்சை விட்டுவிட்டு எல்லோரும் “மாளா”வைப் பிடித்துக்கொண்டார்கள். பரண் என்று எழுதினால் என்ன என்று ஒரு பெங்களூர்க்காரர் கேட்கிறார். அவர் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? லாஃப்ட். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் அட்டா என்பார். டெல்லியில் இருக்கிற என் மச்சினன் டாண்ட் என்கிறான். எங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் மச்சு என்றுதான் சொல்வார், அப்புறம் அவரும் மாளாவுக்கு மாறிவிட்டார். மராத்தியில் மாளா என்றால் பரணும்தான், மாடியும்தான். நான் ஒரு தடவை போனில் “மாளாவில் லைட் எரியவில்லை” என்று சொல்ல, வந்த ஒயர்மேன் நேராக மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய் யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்கிறார். அங்கேயும் ஒரு லைட் எரியவில்லையாம், சரி பண்ணிக் காசும் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

25.6.2023

தம்பி புதுசாக ஒன்று சொல்கிறான். அவன் தம்பி பரீட்சைக்குப் படிக்க மாளாவிலேயே பாய் விரித்துவிட்டானாம். கீழே அணைத்தால் மேலே இருட்டு, மேலே இருப்பவன் அணைக்க வேண்டுமானால் இறங்கி வர வேண்டும். அப்படியென்றால் டூவே. மாடிப்படிக்குப் போடுவார்களே, அதேதான். ஏணிக்குக் கீழே ஒன்று, மேலே தலைமாட்டில் ஒன்று.

டூவே சுவிட்சில் மூன்று முனை. ஒன்று பொது, மற்ற இரண்டும் மாற்று. கீழ்ச் சுவிட்சின் பொது முனைக்கு ஃபேஸ். மேல் சுவிட்சின் பொது முனையிலிருந்து பல்பு. இரண்டு சுவிட்சின் மாற்று முனைகளையும் இரண்டு ஒயரால் சேர்த்துவிடு, எது எதோடு சேர்ந்தாலும் பரவாயில்லை. பல்பின் மறு முனை நியூட்ரல். அவ்வளவுதான். எல்லோரும் தப்புப் பண்ணுகிற இடம் பொது முனை. நடுவில் இருப்பதுதான் பொது என்று நினைப்போம், எல்லாத் தயாரிப்பிலும் அப்படி இல்லை. மல்டிமீட்டரை பீப் ஒலிக்கு வைத்துப் பார், சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் ஏதாவது ஒன்றோடு பேசுகிற முனைதான் பொது. ஃபேஸை மாற்று முனையில் கொடுத்துவிட்டால், ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட பக்கம் இருந்தால்தான் இன்னொன்று வேலை செய்யும். நான் முதல் தடவை மாட்டினபோது அப்படித்தான். ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் “முதல்ல கீழே அமுக்கு, அப்புறம் மேலே அமுக்கு” என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மேலேயும் ஒரு பிளக் போர்டு இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி உண்டு. இரண்டு சுவிட்சின் மாற்று முனைகளுக்கும் அந்தந்த போர்டிலிருந்தே ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. பொது முனைகள் இரண்டும் நேராகப் பல்பின் இரண்டு பக்கம். சுவிட்சுகளுக்கு நடுவே நீளமாக ஒயர் இழுக்கிற வேலையே இல்லை. எங்கள் வீட்டில் 2003இல் ஒரு பெரியவர் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார். மூளைக்காரர்.

27.6.2023

அது ஆபத்தான முறை, எடுத்துவிடுங்கள் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கலாம் என்கிறார்கள். தெரியும். ஆனால் இருபது வருடமாக ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்தில் இருக்கிறதெல்லாம் சரிதான், புத்தகம் எழுதினவர் எங்கள் மாளாவில் ஏறிப் பார்த்தாரா?

தம்பி, நீ நான் முதலில் சொன்ன மூன்று முனை முறையிலேயே போடு. என் வழக்கு வேறு.

21.7.2024

ஒரு வருடம் கழித்து இந்தப் பக்கம் வருகிறேன். ஒரு விஷயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் வீடு உண்மையில் இரண்டு அறை. 2003இல் பக்கத்து அறையையும் அப்பா வாங்கி நடுச் சுவரை உடைத்தார், மாளா இரண்டுக்கும் மேலே ஒன்றாக நீண்டது. மீட்டர் மட்டும் இரண்டாகவே நின்றுவிட்டது. இந்த மழைக்கு வாஷிங் மிஷின் உடம்பில் லேசாகச் சுரீர் என்றது. எர்த்தைச் சரி பண்ணிவிட்டு, சமையலறை இருக்கிற அறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச்) ஒன்றும் மாட்டினோம். மாட்டின அன்று ராத்திரி மாளா லைட்டைப் போட்டதும் டப். அறையே இருட்டு. தூக்கிவிட்டு மறுபடி போட்டால் மறுபடி டப். மிக்ஸி ஓடுகிறது, ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, வாஷிங் மிஷின் ஓடுகிறது, ஒரு 9 வாட் பல்பு மட்டும் வீட்டையே அணைக்கிறது.

மாட்டினவரைக் கூப்பிட்டால் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இந்த ஆர்.சி.சி.பி.யே கோளாறு அண்ணா, மழைக்காலத்தில் இது சும்மா சும்மா விழும், கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்றார். நானும் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். வீட்டுக்காரிதான், “காவலுக்கு நாய் வாங்கிட்டு, குரைக்குதுன்னு துரத்துவியளா?” என்று கேட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. பல்பைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் விழவில்லை. வேறு பல்பு மாட்டினால் விழுகிறது. ராத்திரி விளக்கு, அரை வாட் எல்இடி, அதை மாட்டினால் விழாமல் எரிகிறது! அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒயரில் கசிவு என்றால் பல்பின் அளவைப் பார்த்தா விழும்? ஆர்.சி.சி.பி. ஒரு கணக்குத்தான் போடுகிறது, ஃபேஸ் வழியாகப் போனது அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று. 9 வாட் பல்பு குறைந்தது 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். என் வீட்டில் அந்த 40, கீழ்ச் சுவிட்ச் வழியாக இந்த அறை மீட்டரிலிருந்து கிளம்பி, பல்பைத் தாண்டி, மேல் சுவிட்ச் வழியாகப் பக்கத்து அறை மீட்டரின் நியூட்ரலில் போய் இறங்குகிறது. இந்தப் பக்கம் கணக்கில் துண்டு விழுகிறது, அதனால் டப். இரண்டு சுவிட்சையும் மாற்றிப் போட்டால் அங்கேயிருந்து கிளம்பி இங்கே இறங்கும், அப்போதும் டப். அரை வாட் விளக்கு இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான், அதனால் தப்பித்தது.

அதாவது ஆர்.சி.சி.பி.யில் கோளாறே இல்லை. கோளாறு, சென்ற வருடம் இதே இடத்தில் நான் மூளைக்காரர் என்று எழுதின பெரியவர் போட்ட கனெக்‌ஷன். இருபது வருடமாக அது தப்பாகத்தான் இருந்தது, சொல்ல ஆள் இல்லை.

22.7.2024

நேற்று எழுத விட்டுப்போனது, இதுதான் எனக்குத் தூக்கம் போன விஷயம். அந்தக் கனெக்‌ஷனில் பல்பு அணைய இரண்டு வழி. இரண்டு பக்கமும் நியூட்ரல், அல்லது இரண்டு பக்கமும் ஃபேஸ். இரண்டாவதில் ஹோல்டரின் இரண்டு முனையும் உயிரோடு இருக்கும், பல்பு மட்டும் சமர்த்தாக அணைந்திருக்கும். கீழே அணைத்துவிட்டோம் என்று நம்பி எத்தனை தடவை பல்பு மாற்றியிருக்கிறேன்.

இதைவிட மோசம் ஒன்று. சாலில் (வரிசை அறை வீடுகள்) பக்கத்துப் பக்கத்து மீட்டர்களுக்கு வேறு வேறு ஃபேஸ் வந்திருக்கலாம். அப்படி இருந்தால் “அணைந்த” நிலையில் பல்பின் இரண்டு முனைக்கும் நடுவே 230 இல்லை, 400 வோல்ட். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், எங்கள் இரண்டு அறைக்கும் ஒரே ஃபேஸ்தான் வந்திருக்கிறது. அது பெரியவரின் மூளை இல்லை, எங்கள் அதிர்ஷ்டம்.

போன வருடம் எச்சரித்த இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த 27ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

22.7.2024, இரவு

“எங்கள் வீட்டில் ஒரே மீட்டர், இதே கனெக்‌ஷன்தான், ஆர்.சி.சி.பி. விழவே இல்லை, அப்போ பிரச்சினை இல்லைதானே?” என்று ஒருவர். ஐயா, உங்களுக்குத்தான் பிரச்சினை. போவதும் வருவதும் ஒரே மீட்டர் என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது, அதனால் அது வாயே திறக்காது. ஹோல்டர் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. சுவிட்சுக்குள் ஃபேஸும் நியூட்ரலும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன, தட்டும்போது தீப்பொறி இழுத்துக்கொண்டால் நேராக ஷார்ட்.

28.7.2024

மாற்றியாயிற்று. இந்தத் தடவை வேறு ஒயர்மேன், லைசென்ஸ் பார்த்துத்தான் கூப்பிட்டேன். எல்லாமே சமையலறை மீட்டரிலிருந்து. கீழ்ச் சுவிட்சிலிருந்து மேல் சுவிட்சுக்கு மாற்று ஒயர் இரண்டு, பல்புக்கு நியூட்ரல் ஒன்று, மூன்றும் ஒரே பைப்பில். மொத்தம் இருபது மீட்டர்கூட ஆகவில்லை. 2003இல் மிச்சம் பிடித்தது இவ்வளவுதான்.

டெஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. மாளாவில் பலகை மேல் உட்கார்ந்துகொண்டு டெஸ்டர் வைத்தால் நம்பாதீர்கள். அது எரிவதே நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிற துளிக் கரண்டில். காய்ந்த மரப்பலகை, ரப்பர் செருப்பு என்றால் ஃபேஸிலும் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. நேர்மாறாக, அணைத்த ஒயரே இன்னொரு ஒயரோடு ஒட்டி ஓடினால் சும்மாவும் மினுக்கும். மல்டிமீட்டர் எடுங்கள். எடுத்ததும் முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த ஒரு பாயிண்டில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஹோல்டருக்குப் போங்கள்.

4.8.2024

செம்பூர் தம்பி வந்து தலைகாட்டினான். அவன் சென்ற வருடமே மூன்று முனை முறையில் போட்டு முடித்துவிட்டானாம், தம்பி பரீட்சையும் பாஸாம். இப்போது கேட்கிறான், சுவிட்சே வேண்டாம், ஆள் வந்தால் தானாக எரிகிற சென்சார் பல்பு போட்டால் என்ன என்று.

போடலாம். அதே ஹோல்டரில் மாட்டிவிடலாம், வேறு ஒயர் வேண்டாம், மறந்து விட்டுப்போகிற பிரச்சினையும் இல்லை. ஆனால் அது பார்ப்பது அசைகிற உடம்புச் சூட்டை. அசையாமல் படிக்கிறவன் தலைக்கு மேல் அணைந்துவிடும், ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை கையை ஆட்டிக்கொண்டே படிக்க வேண்டும். சாமான் வைக்கிற மாளாவுக்குச் சரி. சுவிட்சை மட்டும் கழற்றிவிடாதே, பல்பு மாற்ற அணைக்க வேண்டுமே.

9.8.2024

தம்பிக்குச் சொல்லிவிட்டு எனக்கே ஆசை வந்து ஒன்று வாங்கி மாட்டினேன். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மாளாக் கதவின் இடுக்கில் வெளிச்சம். அணைந்தது. மறுபடி வந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் பழைய சூட்கேஸ் மேல் இரண்டு எலி, லைட் வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இறங்கி வந்து கீழே சுவிட்சை அணைத்தேன். காலையில் பைப்பை முழுக்கத் தடவிப் பார்த்தேன், பல் தடம் எதுவும் இல்லை. சூட்கேஸ் கைப்பிடியில் இருந்தது.